நாலு தூண் வீடு, நாலு சென்டிமீட்டர் சீல்

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமத்தில், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் தன் வீட்டுத் திண்ணையில் நூலகம் நடத்துகிறார். பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை. ரேழியில் இரண்டு மர பீரோ, திண்ணையில் ஒரு பாய், யார் எதை எடுத்தார்கள் என்று எழுத ஒரு நீள நோட்டு. தெருப் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் வந்து எடுத்துப் போவார்கள். அந்தப் புத்தகங்களில் குத்துவதற்கு ஒரு முத்திரை வேண்டும், அதில் வீட்டின் படம் இருக்க வேண்டும் என்று மன்னார்குடியில் உள்ள என் கடைக்கு வந்தார். டிடிபி, திருமண அட்டை, ரப்பர் ஸ்டாம்ப் இவைதான் என் தொழில். பெயர், பதவி போட்ட எழுத்து சீல் தினமும் போகும் வேலை. ஒரு குறிப்பிட்ட வீட்டின் படத்தைச் சீலாக்குவது வேறு விதமான வேலை. எந்த இடத்தில் என்ன முடிவு எடுத்தோம், ஏன் எடுத்தோம் என்பதை முழுசாக எழுதி வைக்கிறேன். தங்கள் வீட்டுப் படத்தை இப்படிச் செய்துகொள்ள விரும்புகிறவர்களுக்கும், இதே தொழிலில் இருப்பவர்களுக்கும் உதவும்.

முதலில் டீச்சர் மனதில் இருந்தது மாட்டுவண்டிப் படம். அதற்குக் காரணம் உண்டு. 1931 அக்டோபரில் மன்னார்குடி மேலவாசலில்தான் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுபோகும் நடமாடும் நூலகத்தைத் தொடங்கினார். எங்கள் பக்கத்தில் நூலகம் என்ற பேச்சு வந்தால் அந்த வண்டியும் கூடவே வரும். ஆனால் டீச்சர் தானே யோசித்து மாற்றிக்கொண்டார். "அந்த வண்டி ஊர் ஊராப் போச்சு தம்பி. நம்ம புத்தகம் இந்தத் திண்ணையிலேருந்து போயி இங்கயேதான் திரும்பி வரணும். வீடுதான் சரி" என்றார்.

இந்த ஒரு பேச்சில் முத்திரையின் வேலை என்ன என்று தெளிவாகிவிட்டது. புத்தகத்தைத் திறக்கும் பிள்ளைக்கு, அதை எந்த வீட்டில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று படத்தைப் பார்த்தவுடன் தெரிய வேண்டும். படம் அழகாக இருப்பது அதற்கு அடுத்ததுதான். பிறகு எழுந்த கேள்விகள் எல்லாவற்றுக்கும் இதை வைத்தே பதில் தேடினோம்.

பெரிய படம், சின்ன இடம்

படம் வரைந்தது அங்கே புத்தகம் எடுக்கும் ஒன்பதாம் வகுப்புப் பெண். எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்து, ஏ4 தாளில் கறுப்பு பால்பாயிண்ட் பேனாவால் வரைந்திருந்தாள். நாட்டு ஓட்டுக் கூரையில் ஒவ்வொரு ஓடும் தனித்தனியாக இருந்தது. நடுவில் படி, இரண்டு பக்கமும் திண்ணை, நாலு தூண், நிலைக்கதவு, சன்னல் கம்பிகள், வாசல் கோலம், சாய்த்து வைத்த சைக்கிள், அடிபம்பு, பின்னால் இரண்டு தென்னை, கூரைமேல் ஒரு பூனை. நிழல் விழும் இடமெல்லாம் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள். ரொம்ப நல்ல கை. அந்தப் படத்தை டீச்சர் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார்.

சீலுக்கு 40 மி.மீ அகலம், 32 மி.மீ உயரம் என்று முடிவு செய்தோம். சிறுவர் புத்தகங்களில் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் கிடைக்கும் வெற்றிடத்துக்கு அதுதான் தோது. தவிர, இதைவிடப் பெரிய கட்டையைச் சின்னப் பிள்ளைகள் ஒரே சீராக அழுத்த முடியாது. ஒரு மூலை பதியும், இன்னொரு மூலை பதியாது.

படத்தை ஸ்கேன் செய்து அந்த அளவுக்குச் சுருக்கிச் சாதாரணப் பிரிண்டரில் எடுத்துக் காட்டினேன். படத்தோடு யார் வந்தாலும் முதலில் இதைச் செய்துவிடுவது என் வழக்கம். வாயால் விளக்குவதைவிட இது நல்லது. கூரை முழுக்க ஒரே கறுப்பாக இருந்தது. சன்னல் சாம்பல் திட்டாகிவிட்டது. பூனை இருந்த இடத்தில் ஒரு புள்ளி.

ஏன் இப்படி ஆகிறது என்பதைக் கணக்குப் போட்டும் பார்க்கலாம். அந்த வீட்டின் முகப்பு 24 அடி, அதாவது சுமார் 7,300 மி.மீ. அது 40 மி.மீட்டருக்குள் வர வேண்டுமானால் எல்லாமே 183-ல் ஒரு பங்காகச் சுருங்க வேண்டும். ஆறு அங்குலத் தூண் 0.8 மி.மீ ஆகிவிடும். அது பரவாயில்லை. அரை அங்குலச் சன்னல் கம்பி 0.07 மி.மீ ஆகிவிடும். அது தலைமுடி கனம். எந்த ரப்பரிலும் நிற்காது. நாட்டு ஓட்டு வரிசை ஒன்றுக்கு நாலு அங்குலம் என்று வைத்தால் முகப்பு நீளத்துக்கு 72 வரிசை வரும். 40 மி.மீட்டருக்குள் 72 வரிசை என்றால் கோடும் இடைவெளியும் சேர்த்தே அரை மி.மீட்டர்தான்.

காகிதத்தில் அச்சடிக்கும்போது அரை மி.மீட்டர்கூடத் தெளிவாக வரும். ரப்பர் அப்படியில்லை. அழுத்தும்போது அது சற்றுப் பரவும். மேலே இருக்கும் மை இரண்டு பக்கமும் பிதுங்கும். அதனால் ஒவ்வொரு கோடும் தடித்து, இரண்டு கோட்டுக்கு நடுவே உள்ள வெள்ளை இடம் மூடிக்கொள்ளும். படம் கெடுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். எங்கள் கடையில் நான் பின்பற்றும் வரம்பு இது: கோடு 0.3 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது, இடைவெளி 0.5 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது. இதில் இடைவெளியைத்தான் கண்டிப்பாகப் பார்ப்பேன்.

ஆகவே பெரிய படத்தைச் சுருக்கி ஒன்றும் நடக்காது. இந்த அளவுக்கென்றே படத்தைத் திரும்ப வரைய வேண்டும். கம்ப்யூட்டரில் கோரல் டிராவைத் திறந்து நானே ஒரு வீட்டை வரைந்துவிடலாம். அரை மணி நேர வேலை. ஆனால் அது நான் வரைந்த வீடாகத்தான் இருக்கும். அந்தப் பெண்ணின் கை அதில் இருக்காது. படத்தோடு வருகிறவர்களிடம் பல கடைகளில் இப்படித்தான் செய்து கொடுக்கிறார்கள், வாங்குகிறவர்களும் சரி என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வரைந்தவரே திரும்ப வரையும்படி வழி செய்து கொடுப்பதுதான் முறை.

அதற்குச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. சீலைப் போல நாலு மடங்கு பெரிய கட்டம், அதாவது 160 மி.மீட்டருக்கு 128 மி.மீ, ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தேன். கூடவே முனை 1.2 மி.மீ வரும் ஒரு கறுப்பு ஸ்கெட்ச் பேனா. அந்தப் பேனாவை மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். நாலில் ஒரு பங்காகச் சுருக்கும்போது அதன் கோடு 0.3 மி.மீ ஆகிவிடும். "ரெண்டு கோட்டுக்கு நடுவுல இதே பேனா ரெண்டு தரம் போற அளவு இடம் விடும்மா. அவ்வளவுதான் சட்டம்" என்று சொன்னேன். அப்படி விட்டால் இடைவெளி 0.6 மி.மீ கிடைக்கும். ரப்பரைப் பற்றி அவளுக்கு வேறு எதுவும் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பேனாவால் வரைய முடிந்தது எல்லாம் சீலிலும் வரும். வரைய முடியாதது வராது.

எதை விடலாம் என்பதற்கு முன்மாதிரியாக அஞ்சல் துறையின் சித்திர முத்திரைகளைக் காட்டினேன். சில அஞ்சலகங்களில் அந்த ஊர்க் கோவிலோ நினைவுச் சின்னமோ படமாக இருக்கும் நிரந்தர முத்திரை வைத்திருப்பார்கள். கேட்டால் தபால்தலைமேல் அதைக் குத்தித் தருவார்கள். நான் சேர்த்து வைத்திருப்பதில் சில நன்றாக வந்தவை, சில மை அடைத்துப்போனவை. ஒரு கோபுரத்தைப் பத்துப் பதினைந்து கோட்டில் சொல்லிவிட்ட முத்திரை தெளிவாக இருந்தது. சிற்பம் சிற்பமாக வரைய முயன்றது கறுப்புத் திட்டாகிவிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

எது நிற்கும், எது போகும்

சைக்கிள் போனது, அது நாளைக்கு அந்த இடத்தில் இருக்காது. அடிபம்பும் கோலமும் போயின. தென்னை இரண்டில் ஒன்று போனது. நிழல் கோடுகள் மொத்தமும் போயின. கூரையில் 72 வரிசைக்குப் பதிலாகப் பதினைந்து பதினாறு வளைகோடுகள் வந்தன. ஓட்டுக் கூரை என்று கண் நம்புவதற்கு அவ்வளவு போதும். சன்னலில் மூன்று கம்பி. பூனைக்காக மட்டும் கொஞ்சம் வாதம் நடந்தது. நிஜ அளவில் வரைந்தால் ஒரு மி.மீட்டர்தான் வரும், பெரிதாக்கினால் கூரைமேல் ஏதோ மிருகம் ஏறி நிற்பதுபோல இருக்கும். "அது எங்க தெருப் பூனைண்ணா, எல்லா வீட்டு மேலயும்தான் ஏறும்" என்று அவளே விட்டுவிட்டாள்.

கதவைத் திறந்திருப்பதாக வரைய வேண்டும் என்று டீச்சர் சொன்னார். இது தொழில் முறையிலும் நல்ல யோசனை. திறந்த கதவுக்குள் ரேழி இருட்டாகத் தெரியும். அதை ஒரு முழுக் கறுப்புச் செவ்வகமாகப் போட்டுவிடலாம். வெறும் கோடாலான படத்தில் கண் போய் நிற்பதற்கு ஒரு கறுப்பு இடம் வேண்டும். ஆனால் அது பெரிதாகிவிடக் கூடாது. ஒரு அளவுக்கு மேல் போனால் ரப்பரில் மை சமமாக ஒட்டாது, நடுவில் வெளுத்து வெளுத்துப் பதியும். 4 மி.மீட்டருக்கு 7 மி.மீ என்பது பத்திரமான அளவு.

பெரிய கேள்வி தூண் பற்றியது.

2018 நவம்பர் 16 விடியற்காலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. இந்தப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் அன்றைக்கு எப்படிச் சாய்ந்து கிடந்தன என்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். டீச்சர் வீட்டு முகப்பிலும் ஒரு தென்னை விழுந்து, நாலு தேக்குத் தூணில் இடக்கோடித் தூண் முறிந்துபோனது. கூரை இறங்கிவிடாமல் இருக்க அவசரத்துக்குச் செங்கல் வைத்துச் சதுரமாக ஒரு தூணைக் கட்டினார்கள். அதுவே நிலைத்துவிட்டது. இன்றைக்கும் மூன்று உருட்டுத் தூண், ஒரு தடித்த செங்கல் தூண் என்றுதான் முகப்பு இருக்கிறது.

அந்தப் பெண் அதை இருக்கிறபடியே வரைந்திருந்தாள். டீச்சருக்கு அது பிடிக்கவில்லை. "அந்தச் செங்கத் தூண் வேண்டாம்மா. எங்க அப்பா கட்டினப்போ நாலும் தேக்கு. படத்துலயாவது அப்படியே இருக்கட்டும்" என்றார். இதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனமில்லை. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர் அவர். அந்தப் பெண்ணோ எதிர்த்துப் பேசவில்லை, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். அவளுக்கு நினைவு தெரிந்த வீடு செங்கல் தூண் வீடுதான்.

இரண்டையும் வரையச் சொன்னேன். நாலும் தேக்காக ஒன்று, இருக்கிறபடி ஒன்று. இரண்டையும் சரியாக 40 மி.மீட்டருக்குப் பிரிண்ட் எடுத்து, வெவ்வேறு ஆட்களிடம் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் "இது யாரு வீடு?" என்று மட்டும் கேட்டோம். டீக்கடையில் இருந்தவர்கள், தபால்காரர், தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் என்று கிடைத்தவர்களிடமெல்லாம் கேட்டோம்.

நாலும் தேக்காக இருந்த படத்துக்கு ஆளுக்கொரு பதில் வந்தது. ஒருவர் மேலத்தெருவில் பூட்டிக் கிடக்கும் வீட்டைச் சொன்னார். இன்னொருவர் தன் மாமனார் ஊர் வீடு என்றார். வாஸ்தவம்தான், திண்ணையும் தூணும் ஓடும் இருக்கும் வீடு டெல்டாவில் எந்த ஊரிலும் இருக்கிறது. செங்கல் தூண் படத்தைப் பார்த்தவர்கள் யோசிக்கவே இல்லை. தபால்காரர் உடனே டீச்சர் வீடு என்றார். பிள்ளைகள் தூணைத்தான் விரலால் தொட்டுக் காட்டினார்கள். திண்ணையில் உட்காரும்போது முதுகு சாய்ப்பதற்கு அகலமாக இருப்பது அந்தத் தூண்தானாம். அதற்கு அவர்களுக்குள் போட்டியே நடக்குமாம். இது டீச்சருக்கும் அதுவரை தெரியாது. பிள்ளைகள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், "சரி, அதையே போடு" என்றார்.

அதற்குப் பிறகு அந்தத் தூணைக் கொஞ்சம் மிகைப்படுத்தினோம். மற்ற மூன்று தூணும் ஒற்றைத் தடித்த கோடு, 0.9 மி.மீ. செங்கல் தூண் மட்டும் உள்ளே வெள்ளை விட்ட செவ்வகம், 2.2 மி.மீ அகலம். நிஜ விகிதப்படி அவ்வளவு வராது. திண்ணையின் உயரத்தையும் கொஞ்சம் கூட்டினோம். இந்த அளவில் சரியான விகிதம் பார்த்தால் வீடு தட்டையாகத் தெரியும். எது அடையாளமோ அதைக் கூட்டுவதும் மற்றதைக் குறைப்பதும் சின்னப் படத்தில் செய்தே ஆக வேண்டியவை.

வீட்டுப் படம் கொண்டுவருகிறவர்களிடம் இப்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: உங்கள் வீட்டுக்கு வழி கேட்டால் தெருக்காரர்கள் எதை அடையாளமாகச் சொல்வார்கள்? பச்சை கேட், மாடிப்படி வெளியே இருக்கும் வீடு, முருங்கை நிற்கும் வீடு என்று ஏதாவது ஒன்று இருக்கும். அது படத்தில் இருந்தால் வீடு வந்துவிடும்.

எழுத்து

படத்துக்குக் கீழே "திண்ணைப் புத்தகம்" என்று ஒரு வரி. இதை ஃபான்ட்டில் போடாமல், அதே பேனாவால் அதே தாளில் அந்தப் பெண்ணையே எழுதச் சொன்னேன். படத்தின் கோடும் எழுத்தின் கோடும் ஒரே கனத்தில் இருந்தால்தான் பார்க்க ஒன்றாக இருக்கும். தடித்த எழுத்து ஃபான்ட்டை மெல்லிய படத்தின் கீழே ஒட்டிய சீல்களை நிறையப் பார்க்கிறேன். எழுத்து கத்தும், படம் பின்னால் போய்விடும்.

தமிழ் எழுத்தைச் சீலில் போடும்போது இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒன்று, சுழி. ண, ணை போன்ற எழுத்துகளின் சுழிகளுக்குள் மை அடைத்துக்கொள்ளும். சுழிகளை அகலமாக, கொஞ்சம் குழந்தைத்தனமாகவே எழுத வேண்டும். இன்னொன்று, புள்ளி. இந்த ஒரு வரியிலேயே நாலு புள்ளி இருக்கிறது. பேனாவை ஒரு தரம் வைத்து எடுத்த புள்ளி சுருக்கிய பிறகு 0.3 மி.மீதான் இருக்கும். அவ்வளவு சின்ன ரப்பர் மொட்டு கழுவும்போதே பிய்ந்துபோகும். புள்ளி போனால் எழுத்தே வேறாகிவிடும். அதனால் புள்ளியை மட்டும் வட்டமாகத் தேய்த்து இரண்டு மடங்கு பெரிதாக்கினோம். சீலில் அது 0.6 மி.மீ வருகிறது.

வடிவம் வட்டமாக வேண்டுமா என்ற பேச்சும் வந்தது. நம் ஊரில் வட்ட சீல் என்றால் அலுவலகம், சங்கம், பள்ளி என்ற எண்ணம்தான் வரும். வீட்டுக்குச் செவ்வகமே பொருத்தம். சுற்றிலும் கட்டம் போடவில்லை. தெருவைக் குறிக்க வீட்டின் அடியில் ஒரு நீளக் கோடு மட்டும். அந்தக் கோடு கீழ்ப்பக்கத்தில் அழுத்தத்தைத் தாங்கிக்கொள்கிறது. மேலே கூரை தாங்கிக்கொள்கிறது.

எந்த முறையில் செய்வது

பழைய முறையில் ஈய எழுத்துகளைக் கோத்து, அதிலிருந்து அச்சு எடுத்து, அந்த அச்சில் இன்னும் இறுகாத ரப்பரை வைத்துச் சூட்டில் அழுத்துவார்கள். கந்தகம் கலந்த ரப்பர் சூட்டில் இறுகி, வளைந்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பும் குணத்தைப் பெறும். 1839-ல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்த வித்தை இது. ரப்பர் ஸ்டாம்ப் என்ற பொருளே இதிலிருந்துதான் பிறந்தது. எழுத்துக்கு அந்த முறை போதும். படம் என்றால் துத்தநாகத் தகட்டில் அமிலம் வைத்து அரித்து பிளாக் எடுக்க வேண்டும், அதற்குத் தனிச் செலவு. அதனால் அந்தக் காலத்தில் கடை முத்திரைகளில் படம் அபூர்வம்.

இப்போது வழக்கத்தில் இருப்பவை மூன்று. பாலிமர் ஸ்டாம்ப்: படத்தின் நெகட்டிவ் வழியாகப் புற ஊதா ஒளியைத் திரவப் பாலிமர்மேல் விழவைத்தால், ஒளி பட்ட இடம் கெட்டியாகும், மிச்சத்தைக் கழுவிவிடலாம். நுணுக்கம் நன்றாக வரும், விலையும் குறைவு. ஆனால் வெயிலும் சூடும் பட்டால் நாளாக ஆகப் பிசுபிசுக்கும், மஞ்சளிக்கும். திண்ணையில் கிடக்கப்போகும் சீலுக்கு அது ஒத்துவராது. அடுத்தது, மை உள்ளேயே ஊறியிருக்கும் ஃபிளாஷ் ஸ்டாம்ப். நுண்துளை உள்ள ஃபோமில், படம் இல்லாத இடங்களின் துளைகளை ஃபிளாஷ் வெளிச்சத்தின் சூட்டால் மூடிவிடுவார்கள். திறந்திருக்கும் துளை வழியாக மை வரும். பேட் தேவையில்லை, ஆயிரக்கணக்கில் குத்தலாம். ஆனால் அதற்கு ஊற்றுவது எண்ணெய் கலந்த மை. பழைய பத்திரிகைத் தாளில் எழுத்தைச் சுற்றி எண்ணெய் பரவும், வழவழப்பான தாளில் காயாமல் இழுவும்.

நாங்கள் எடுத்தது மூன்றாவது முறை: ரப்பர் ஷீட்டில் லேசரால் செதுக்குவது. திருமண அட்டைக்கும் அக்ரிலிக்குக்கும் பயன்படும் அதே கார்பன் டை ஆக்சைடு லேசர் போதும். இதற்கென்று வரும் 2.3 மி.மீ ரப்பர் ஷீட்டில், படம் இல்லாத இடத்தையெல்லாம் லேசர் எரித்து எடுத்துவிடும். நல்ல ரப்பர் மையைப் பிடிப்பதுபோல வேறு எதுவும் பிடிப்பதில்லை. ஒழுங்காக வைத்துக்கொண்டால் பல வருஷம் உழைக்கும்.

இதில் கவனிக்க வேண்டியவை சில. படத்தை இடவலமாகத் திருப்பிப் போட வேண்டும். எழுத்து இருந்தால் திருப்பியிருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். வெறும் வீட்டுப் படமாக இருந்தால் தெரியாது. இடக்கோடித் தூண் வலக்கோடிக்குப் போய்விடும், யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். அடுத்தது, லேசர் கதிருக்கும் ஒரு கனம் உண்டு. அது கோட்டின் இரண்டு ஓரத்தையும் கொஞ்சம் தின்னும். 0.3 மி.மீ கோடு 0.2 ஆகிவிடாமல் இருக்க, செதுக்கும் முன்பே கோடுகளைச் சற்றுத் தடிக்க வைக்க வேண்டும். மூன்றாவது, கோட்டின் பக்கவாட்டு. செங்குத்தாகச் செதுக்கினால் மெல்லிய கோடு அழுத்தும்போது ஒருபக்கம் சாயும். மேலே மெல்லிசாகவும் அடியில் அகலமாகவும் வயல் வரப்புபோலச் சரிவு வைத்தால் கோடு நிற்கும். சாஃப்ட்வேரில் அதற்கென்று ஸ்டாம்ப் அமைப்பு இருக்கிறது, அதை மறக்காமல் போட வேண்டும். நாலாவது, ஆழம். கூரைக்கு மேலே, தென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய வெற்றிடங்களில் ஒரு மி.மீட்டருக்கு மேல் ஆழம் இல்லையென்றால் ரப்பரின் அடித்தரை காகிதத்தில் பட்டு அழுக்கு விழும்.

ரப்பர் எரியும் நாற்றம் கடுமையானது. புகை வெளியே போக எக்ஸாஸ்ட் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. ரப்பர் என்று சொல்லி பிவிசி ஷீட்டைக் கொடுத்தால் கண்டிப்பாகத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதை லேசரில் வைத்தால் வரும் புகை நுரையீரலையும் கெடுக்கும், மெஷினையும் அரிக்கும்.

செதுக்கி முடித்ததும் மேலே கரித்தூள் பசையாக ஒட்டியிருக்கும். சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்து மெதுவாகத் தேய்த்தால் போய்விடும். பிறகு அடியில் மெத்தென்று ஒரு ஃபோம் வைத்து மரக் கைப்பிடியில் ஒட்டினேன். கைப்பிடியின் மேல்புறத்தில் சீலின் பதிவையே ஒரு துண்டுக் காகிதத்தில் எடுத்து ஒட்டி, மேலே தெளிவான டேப் போட்டாயிற்று. இல்லாவிட்டால் பிள்ளைகள் வீட்டைத் தலைகீழாகக் குத்துவார்கள்.

மை, காகிதம், குத்தும் இடம்

முதலில் கடையில் இருந்த ஊதா பேடில் குத்திப் பார்த்தோம். படம் தெளிவாகவே வந்தது. ஆனால் டீச்சர் பார்த்துவிட்டு, "தாலுகா ஆபீஸ் கொடுத்த மாதிரி இருக்கு தம்பி" என்றார். உண்மைதான், அந்த ஊதாவைப் பார்த்தாலே நமக்கு விண்ணப்பமும் வரிசையும்தான் ஞாபகம் வருகிறது. நிறம் மட்டும் பிரச்சினை இல்லை. சாதாரண பேட் மை தண்ணீரில் கரையும் சாயம். டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டு வீட்டுக்குள் இருக்கும் புத்தகம் ஈரம் வாங்காமல் இருக்காது. சாயம் பக்கம் விட்டுப் பக்கம் ஊறும். வெளிச்சத்தில் வெளுக்கவும் செய்யும். நிறமித்தூள் கலந்த மை காகிதத்தின் மேலேயே தங்கும், காய்ந்த பிறகு தண்ணீருக்கு அசையாது. கைவினைப் பொருள் கடைகளில் கிடைக்கும் அந்த வகை பேடில் அடர் பழுப்பு நிறத்தை எடுத்தோம். செங்கல்லுக்கும் ஓட்டுக்கும் தேக்குக்கும் பொதுவான நிறம். விலை அதிகம்தான்; புத்தகத்துக்காக என்று நினைத்தால் கொடுக்கலாம்.

எண்ணெய் மையை ரப்பர் சீலுக்குத் தொடவே வேண்டாம். இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பும், கோடுகள் குழைந்துபோகும். எண்ணெய் மை உலோக முத்திரைக்கு உரியது.

காகிதத்தில் மூன்று வகை அங்கே இருந்தது. நாவல்கள் பெரும்பாலும் மேப்லித்தோ, அதாவது வழவழப்புப் பூச்சில்லாத வெள்ளைத் தாள். அதில் அருமையாகப் பதிகிறது. பழைய மாத இதழ்கள் நியூஸ்பிரிண்ட். அதில் கையை லேசாக வைத்துக் குத்த வேண்டும். சின்னப் பிள்ளைகளின் படப் புத்தகங்கள் வழவழப்பான ஆர்ட் பேப்பர். அதில் மை காய ரொம்ப நேரமாகும், பிள்ளைகள் விரலிலும் எதிர்ப் பக்கத்திலும் ஒட்டும். அவற்றுக்கு மட்டும் தனிச் சீட்டில் குத்தி, காய்ந்த பிறகு உள் அட்டையில் ஒட்டுவது என்று வைத்துக்கொண்டார்கள்.

எங்கே குத்துவது என்பதில் டீச்சருக்கு அனுபவம் உண்டு. பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொண்டவர். தலைப்புப் பக்கத்தின் பின்புறம் ஒன்று, புத்தகத்துக்குள் எப்போதும் ஒரே எண்ணுள்ள பக்கத்தில் இன்னொன்று. முன்பக்கம் கிழிந்துபோனாலும் அந்த ரகசியப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் யாருடையது என்று தெரியும். நம் நூலகங்களில் ரொம்ப நாளாக இருக்கும் வழக்கம் இது. எழுத்தின் மேலோ படத்தின் மேலோ குத்துவதில்லை. ஆசிரியர் கையெழுத்திட்ட புத்தகங்களிலும், தொட்டால் ஒடியும் பழைய தாள்களிலும் குத்துவதே இல்லை, அவற்றுக்கும் சீட்டுதான்.

பிள்ளைகளுக்குக் குத்தச் சொல்லிக் கொடுத்தது அந்தப் பெண். பேடில் லேசாக இரண்டு மூன்று தட்டு. அமுக்கி எடுத்தால் மை இடைவெளிக்குள் போய்விடும். காகிதத்தில் நேராக வைத்து, ஆட்டாமல் அழுத்தி, நேராக எடுக்க வேண்டும். புத்தகத்துக்குள் குத்தும்போது பக்கத்துக்கு அடியில் ஒரு மெல்லிய அட்டையை வைத்துக்கொண்டால் பதிவு சமமாக வரும். வேலை முடிந்ததும் ஈரத் துணியில் துடைத்து, காய்ந்ததும் மூடி வைக்க வேண்டும். தின்னரும் மண்ணெண்ணெயும் ஆகாது. நிறமி மை காய்ந்து இடுக்கில் அடைத்துவிட்டால் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும்.

ஸ்கெட்ச் பேனாவில் வரைந்த தாளை அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட்டேன். லேசருக்குத் தயாரித்த ஃபைல் என்னிடம் இருக்கிறது. ரப்பர் தேய்ந்தால் அதே சீலைத் திரும்பச் செய்யலாம். நாலும் தேக்காக அவள் வரைந்த இன்னொரு படத்தையும் பிறகு ஒரு சீலாகச் செதுக்கிக் கொடுத்தேன். டீச்சர் தன் சொந்தக் கடிதங்களுக்கு அதைப் பயன்படுத்துகிறார்.